கத்தகானா உடுத்திய ஆங்கிலம்

2013ஆம் ஆண்டு ஜப்பானின் நகோயா மாவட்ட நீதிமன்றத்தில் அபூர்வமான வழக்கு ஒன்று பதிவானது. எழுபது வயதைத் தாண்டிய பார்வையாளர் ஒருவர் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே மீது தொடுத்த வழக்கு அது. செய்திகளில் ஆங்கிலக் கடன்சொற்கள் அளவு மீறிப் புழங்குகின்றன, 'ரிஸ்க்' என்றும் 'டிரபிள்' என்றும் சொல்லிக்கொண்டே போகிறார்கள், பாதிக்கு மேல் விளங்கவில்லை, இதனால் மன உளைச்சலுக்கு ஆளானேன், 14 லட்சத்து 10 ஆயிரம் யென் இழப்பீடு தர வேண்டும் என்பது அவருடைய முறையீடு. அடுத்த ஆண்டே வழக்கு தள்ளுபடி ஆனது. உலகப் பத்திரிகைகள் அதை ஒரு வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டு மறந்தன. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. என்எச்கே அரசு மானியத்தில் நடப்பதல்ல. வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கி நடப்பது. கட்டணம் கட்டியவருக்குச் செய்தி விளங்க வேண்டும் என்று கேட்பதில் தவறு என்ன இருக்கிறது?

ஆங்கிலம் ஜப்பானிய மொழியை விழுங்குகிறதா என்ற கேள்வி அந்த நாட்டில், நவீன ஜப்பானைத் தொடங்கிவைத்த மீஜி ஆட்சிக் காலத்திலிருந்தே எழுந்து எழுந்து அடங்குவது. மொழி கெட்டுவிட்டது என்று ஒரு சாரார் குமுறுவார்கள். மொழி என்றால் கடன் வாங்கத்தான் செய்யும் என்று இன்னொரு சாரார் தோளைக் குலுக்குவார்கள். இரு தரப்பும் சொல்லின் பிறப்பிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் குறை. யார் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார், யாருக்காகக் கொண்டுவந்தார் என்று பார்த்தால் இந்தச் சிக்கலின் முடிச்சுகள் பல அவிழ்கின்றன. மக்கள் தம் வாயில் மென்று பழகிய ஆங்கிலச் சொற்களால் ஜப்பானிய மொழிக்குக் கேடு எதுவும் வரவில்லை. அலுவலகங்களும் நிபுணர் குழுக்களும் மேலிருந்து இறக்கியவற்றால் மக்களில் ஒரு பகுதியினருக்குக் கேடு வந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

ஜப்பானியர் தம் சொற்களை மூன்று குலங்களாகப் பிரிப்பார்கள். மண்ணின் சொற்கள் வாகோ. சீனத்திலிருந்து வந்தவையும் சீன எழுத்துகளைக் கோத்து உருவாக்கியவையும் கான்கோ. மற்ற நாடுகளிலிருந்து வந்தவை கைராய்கோ. சீனச் சொல்லும் வந்த சொல்தான் என்றாலும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழக்கத்தில் அதன் அந்நியம் கரைந்துவிட்டது. கடன்சொல்லை எதிர்த்து எழுதப்படும் ஜப்பானியக் கட்டுரைகளிலும் பாதிச் சொற்கள் சீனக் கடனாகவே இருக்கும். அதை யாரும் கடனாக எண்ணுவதில்லை.

இந்த மூன்றாம் குலம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது? ஓட்சுகி ஃபுமிஹிகோ தொகுத்து 1891இல் நிறைவுற்ற 'கென்காய்' அகராதியில் நாற்பதாயிரத்தை நெருங்கும் சொற்கள் உண்டு. அவற்றில் மேலைநாட்டுக் கடன் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. தேசிய மொழி ஆய்வு நிறுவனம் 1956இல் வெளிவந்த 90 இதழ்களை எடுத்து எண்ணியபோது வெவ்வேறு சொற்களில் 9.8 விழுக்காடு கைராய்கோவாக இருந்தது. 1994இன் இதழ்களை எண்ணியபோது அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. திகைக்க வைக்கும் வளர்ச்சிதான். ஆனால் இதே ஆய்வுகளுக்கு இன்னொரு முகம் உண்டு. எத்தனை வகைச் சொல் என்று பாராமல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் 1956இல் கைராய்கோவின் பங்கு 2.9 விழுக்காடு மட்டுமே. 1994இலும் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. கடன்சொற்கள் ஏராளம், ஒவ்வொன்றின் புழக்கமோ குறைவு. வேற்றுமை உருபும் வினைமுற்றும் இணைப்புச் சொல்லும் அசையாமல் அப்படியே நிற்கின்றன. பெயர்ச்சொல்லின் வாசலில்தான் இத்தனை நெரிசல்.

ஆங்கிலத்துக்கு முன்பே மேலைச் சொற்கள் வந்துவிட்டன. 1543இல் தானெகாஷிமா தீவில் இறங்கிய போர்ச்சுகீசியர் ரொட்டிக்குப் 'பான்' என்ற சொல்லையும் புகையிலைக்குத் 'தபாகோ'வையும் விட்டுச் சென்றார்கள். நாகசாகியின் தெஜிமா என்ற சிறு தீவில் அடைபட்டு வணிகம் செய்த டச்சுக்காரர்களிடமிருந்து பீரு, காப்பிக்குக் கோஹீ, கண்ணாடிக்குக் கராஸு, ரப்பருக்குக் கோமு, இன்றும் ஜப்பானியப் பள்ளிச் சிறுவர் முதுகில் தொங்கும் 'ராந்தோசெரு' பை எல்லாம் வந்தன. பின்னாளில் மருத்துவத்தோடு ஜெர்மன் வந்தது. நோயாளியின் குறிப்பேடு இன்றும் 'காருதே'தான். பகுதிநேர வேலைக்கு மாணவர்கள் சொல்லும் 'அருபைதோ'வும் ஜெர்மன்.

ஆங்கிலம் வந்தது ஒரு மிரட்டலோடு. 1808இல் எச்எம்எஸ் ஃபெயிட்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நாகசாகித் துறைக்குள் நுழைந்து, வரவேற்கப் போன டச்சுக்காரர் இருவரைப் பிணையாகப் பிடித்தது. உணவும் நீரும் தராவிட்டால் துறையிலுள்ள கப்பல்களைக் கொளுத்துவோம் என்றது. தடுக்கப் படைபலம் போதாத நாகசாகி ஆளுநர், கப்பல் போனபின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர் நீத்தார். ஷோகுன் என்ற படைத்தலைவரின் கீழிருந்த அரசு விழித்துக்கொண்டது. டச்சு மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலமும் கற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1814இல் மோதோகி ஷோசாயெமோன் முதலியோர் சுமார் ஆறாயிரம் சொற்கள் கொண்ட முதல் ஆங்கில-ஜப்பானிய அகராதியை முடித்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவரே ஒரு டச்சுக்காரர். தன்னைத் தாக்க வந்தவனின் மொழியை இன்னொரு அந்நியனிடம் கேட்டுக் கற்ற அந்த மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பை நினைத்தால் வியப்பும் மதிப்பும் ஒருங்கே எழுகின்றன.

அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியின் கருங்கப்பல்கள் 1853இல் வந்த கதை ஊரறிந்தது. 1859இல் யொகொஹாமா துறைமுகம் திறந்தபோது, ஆண்டுக்கணக்காக டச்சு படித்த ஃபுகுசாவா யுகிச்சி என்ற இளைஞர் ஊரைப் பார்க்கப் போனார். கடைப் பலகைகளில் ஒன்றையும் படிக்க முடியவில்லை, பேச்சும் எடுபடவில்லை. எல்லாம் ஆங்கிலம். மனமுடைந்து திரும்பியவர் உடனே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அவர் திருத்தி வெளியிட்ட ஆங்கில-சீனச் சொற்கோவையில் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்கு உரியவை. ஜப்பானியத்தில் இல்லாத ஆங்கில 'வி' ஒலியைக் காட்ட, உகர எழுத்தின் மேல் இரு கோடுகள் இட்டுப் புது எழுத்து ஒன்றைக் கையாண்டார். அதே நூலில் 'கொருரி' என்ற உச்சரிப்போடு ஓர் உணவுச் சொல்லையும் பதிந்தார். அது ஆங்கிலத்தின் 'கறி'. நம் வீட்டுக் கறி ஆங்கிலத்தில் ஏறி அங்கே இறங்கியது. இன்று ஜப்பானியக் குழந்தைகள் பள்ளி மதிய உணவில் ஆசையோடு எதிர்பார்க்கும் 'கரே' அதுதான். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு சொன்னதை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆங்கிலக் கப்பலில் போன இந்த உறவில் யாருக்கும் ஐயமில்லை.

மீஜி காலத்து அறிஞர்கள் நாட்டில் இல்லாத கருத்துகளை நூற்றுக்கணக்கில் இறக்குமதி செய்தார்கள். கருத்தை வாங்கினார்களே தவிர ஒலியை வாங்கவில்லை. நிஷி அமானே மெய்யியலுக்குத் 'தெத்சுகாகு' என்று சொல் படைத்தார்; 1874இல் வந்த அவர் நூலில் அது அச்சேறியது. சமூகம், உரிமை, அறிவியல், பொருளாதாரம் எல்லாவற்றுக்கும் சீன எழுத்துகளை இணைத்தும் பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றியும் சொல் தந்தார்கள். அவற்றுள் பல சீனாவுக்கே திரும்பிப் போய் அங்கேயும் நிலைத்தன. 1872இல் அரசு அறிவித்த கல்வி முறை வேரூன்றாத காலத்திலேயே பாடநூல்கள் தாய்மொழியில் வந்ததற்கு இந்தச் சொல்லாக்கம் பெருங்காரணம். ஜப்பானின் நவீன காலத்தில் இதைவிடப் பெரிய மொழிப்பணி நடக்கவில்லை என்பது என் கருத்து.

அதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலும் ஒரு குரல் எழுந்தது. வாஷிங்டனில் தூதராக இருந்த மோரி அரினோரி, ஜப்பானிய மொழி நவீன அறிவுக்குப் போதாது, ஆங்கிலத்தையே நாட்டு மொழியாக்கலாம் என்ற எண்ணத்தை 1872இல் அமெரிக்க மொழியறிஞர் விட்னிக்கு எழுதினார். விட்னியே அதை ஏற்கவில்லை. லண்டனில் படித்துக்கொண்டிருந்த பாபா தாத்சுயி என்ற மாணவர் அடுத்த ஆண்டு ஜப்பானிய இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி, தன் மொழி குறையற்றது என்று காட்டினார். ஆங்கிலம் வந்தால் மேட்டுக்குடிக்கும் ஏழைக்கும் நடுவே மொழிச்சுவர் எழும் என்று அதன் முன்னுரையில் எச்சரித்தார், இந்தியாவையும் எடுத்துக்காட்டினார். சுவர் என்ற அந்த அச்சம் பொய்யல்ல என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அறிஞர்கள் மேசையில் சொல் கோத்துக்கொண்டிருந்தபோது தெருவில் வேறொன்று நடந்தது. துறைமுகத்தில் கூலிக்காரர், சமையல்காரர், ரிக்ஷா இழுப்பவர் காதில் விழுந்ததை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்கள். லெமனேட் 'ராமுனே' ஆனது. புட்டிங் 'புரின்'. தையல் மெஷினின் 'மெஷின்' மட்டும் 'மிஷின்' என்று நின்றது. அமெரிக்கன் என்பதன் முதலசை காதில் ஏறாமல் 'மெரிகென்' ஆகி, கோதுமை மாவு 'மெரிகென்கோ' எனப்பட்டது. வெள்ளைக்காரர் தம் நாயைக் 'கம் ஹியர்' என்று கூப்பிட, அதுவே நாயின் பெயர் என்று நினைத்து மேல்நாட்டு நாய்களைக் 'காமே' என்றார்கள். எழுத்து வழியாகப் பின்னர் அதே சொற்கள் மறுபடி வந்தபோது ஒரு சொல் இரண்டாகக் கிளைத்தது. தொழிலாளர் வேலைநிறுத்தம் 'ஸுதொராய்கி', பேஸ்பாலில் 'ஸுதொராய்கு'. ஜன்னல் கண்ணாடி டச்சு வழி வந்த 'கராஸு', குடிக்கும் கண்ணாடிக் குவளை ஆங்கில வழி வந்த 'குராஸு'. இந்தப் பகுப்பு எந்தக் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்ததன்று, பேசுகிறவர்களே பிரித்துக்கொண்டது.

ஒலியை வளைப்பதில் ஜப்பானிய மொழி காட்டும் கறாரும் கவனிக்கத்தக்கது. அங்கே மெய் தனித்து நிற்காது. மூக்கொலியும் இரட்டிக்கும் மெய்யின் முன்பாதியும் மட்டுமே விலக்கு. ஆகவே ஆங்கிலத்தில் ஓரசையான 'ஸ்ட்ரைக்' ஸு-தொ-ரா-இ-கு என ஐந்து மாத்திரை பெறுகிறது. மாத்திரை என்று நான் சொல்வது அணிக்காக அல்ல. அசையை விட ஒலிக்கும் கால அளவையே எண்ணுவது ஜப்பானியச் செவி. இறுதியில் ஒட்டும் உகரம் பல இடங்களில் நம் குற்றியலுகரத்தைப் போலத் தேய்ந்து காற்றாகிவிடும். லகர ரகர வேறுபாடு இல்லாததால் வெளிச்சத்தைச் சொல்லும் 'லைட்'டும் வலப்பக்கத்தைச் சொல்லும் 'ரைட்'டும் ஒன்றாக 'ரைதோ' ஆகின்றன.

இப்படி நீண்ட சொற்களை வெட்டுவதும் உடனே நடக்கிறது. பர்சனல் கம்ப்யூட்டர் 'பாஸொகோன்', ரிமோட் கண்ட்ரோல் 'ரிமோகோன்', ஸ்மார்ட்ஃபோன் 'ஸுமாஹோ', கன்வீனியன்ஸ் ஸ்டோர் 'கொன்பினி'. இரண்டு மாத்திரையும் இரண்டு மாத்திரையும் சேர்ந்து நான்கு மாத்திரையாவது பெருவழக்கு. டோக்கியோ பல்கலைக்கழகம் என்னும் 'தோக்யோ தாய்காகு'வைத் 'தோதாய்' என்று வெட்டுவதும் இதே கணக்கு. சீனச் சொற்களில் பழகிய கத்தரியையே ஆங்கிலத்திலும் வைத்தார்கள். மெக்டொனால்ட்ஸ் 1971இல் டோக்கியோவின் கின்சாவில் முதல் கடை திறந்தது. இன்று டோக்கியோக்காரருக்கு அது 'மாக்கு', ஒசாகாக்காரருக்கு 'மாகுதோ'. உலகெங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைக்கும் நிறுவனத்தின் பெயரைக் கூட வட்டார வழக்கு பங்கு போட்டுக்கொண்டது.

வெட்டிய சொல்லில் வினை விகுதியும் ஏறும். 1919இல் கோபே கப்பல் கட்டும் தொழிலாளர் நடத்திய மெதுவேலைப் போராட்டத்தில் பரவிய 'சபோதாஜு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'சாபொரு' என்ற வினை வந்தது. வகுப்புக்கு மட்டம் போடுவதற்கு இன்று அதுதான் சொல். கூகுளில் தேடுவது 'குகுரு'. வினைமுற்றாகிவிட்ட சொல்லை இனி யாரும் விருந்தாளி என்று சொல்ல முடியாது.

போர்க்காலம் இந்த இயல்பான ஓட்டத்தைத் தடுக்கப் பார்த்தது. 1940இல் உள்துறை அமைச்சகம் மேலைநாட்டுப் பெயர் வைத்திருந்த கலைஞர்களைப் பெயர் மாற்றச் சொன்னது. டிக் மினே என்ற பாடகர் மினே கோயிச்சி ஆனார். 'கோல்டன் பேட்' சிகரெட் 'கின்ஷி' ஆனது. 'கிங்' என்ற பெரும் இதழ் 1943இல் 'ஃபுஜி' எனப் பெயர் மாறியது. பேஸ்பால் நடுவர்கள் 'ஸ்ட்ரைக்' என்பதற்குப் பதில் 'யோஷி', அதாவது நல்லது, என்று கூவினார்கள். பொதுவான தடைச் சட்டம் எதுவும் இல்லை. பத்திரிகைகளும் சங்கங்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து தந்த நெருக்கடியே போதுமானதாக இருந்தது. ஆனால் எதாஜிமா கடற்படைக் கல்லூரியின் தலைவர் இனோவே ஷிகெயோஷி தம் மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பை நிறுத்த மறுத்தார். பகைவனோடு நேரடியாகப் போரிடும் படையின் தளபதி ஒருவருக்கு இருந்த தெளிவு, நாட்டுப்பற்றைப் பெயர்ப்பலகையில் தேடியவர்களுக்கு இல்லை.

போர் முடிந்த 1945 ஆகஸ்ட்டுக்குப் பின் சில வாரங்களிலேயே 32 பக்கங்களில் ஜப்பானிய-அமெரிக்க உரையாடல் கையேடு ஒன்று கடைக்கு வந்தது. 36 லட்சம் படிகள் விற்றன. தமிழிலும் பலர் படித்திருக்கும் குரோயானாகி தெத்சுகோவின் 'டோட்டோ சான்' 1981இல் வரும் வரை அந்த விற்பனையை ஜப்பானில் எந்த நூலும் முறியடிக்கவில்லை. நல்லதைக் கூவிய நடுவர்கள் மறுபடி ஸ்ட்ரைக் என்றார்கள். திணித்த மாற்றம் திணித்த கை விலகியதும் உதிர்ந்துவிட்டது.

எழுத்திலும் அப்போது ஒரு மாற்றம் நிகழ்ந்தது, அதிகம் பேசப்படாதது. கத்தகானா எழுத்து முதலில் அந்நியச் சொல்லுக்காக இருந்ததில்லை. ஒன்பதாம் நூற்றாண்டளவில் பௌத்தத் துறவிகள் சீனச் சமய நூல்களின் ஓரத்தில் வாசிப்புக் குறிப்பு எழுதப் பயன்படுத்திய சுருக்கெழுத்து அது. மீஜி அரசமைப்புச் சட்டம் சீன எழுத்தும் கத்தகானாவும் கலந்து எழுதப்பட்டது. அரசின் அதிகார எழுத்தாக அது இருந்தது. 1946இன் புதிய அரசமைப்புச் சட்டமோ சீன எழுத்தோடு வளைந்த ஹிரகானா எழுத்து கலந்து வந்தது. அலுவலில் இடம் இழந்த கத்தகானா அந்நியச் சொல்லுக்கே பெரிதும் உரியதாகிவிட்டது. அதனால் ஜப்பானிய வாசகருக்குக் கடன்சொல் கண்ணில் பட்ட கணமே தெரியும். வந்தவர் யார் என்பதை எழுத்தே அறிவித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது. இதனால் மொழிக்குள் எல்லை தெளிவாக இருக்கிறது. புதுச் சொல்லை எளிதில் உள்ளே விடவும் முடிகிறது. 1991இல் அமைச்சரவை வெளியிட்ட கடன்சொல் எழுத்து விதி, மூல ஒலிக்கு நெருங்கிய எழுத்துச் சேர்க்கைகளையும் ஃபுகுசாவாவின் 'வி'யையும் அனுமதித்தது. ஆனால் 2019இல் வெளியுறவு அமைச்சகம் நாடுகளின் பெயரிலிருந்து அந்த எழுத்தையே எடுத்துவிட்டது. மக்கள் நாவில் அது கடைசி வரை பகரமாகவே ஒலித்தது.

பொருள் மாற்றத்தைச் சொல்லி ஜப்பானியரின் ஆங்கிலத்தை நையாண்டி செய்வது மேலைநாட்டுப் பயணிகளின் பழக்கம். 'மன்ஷோன்' என்றால் அங்கே மாளிகை அல்ல, அடுக்குமாடி வீடு. 'கன்னிங்கு' தேர்வில் காப்பி அடிப்பது. சுவரில் மின்செருகி 'கொன்சென்தோ'. ஸ்டேப்ளர், 1903இல் இறக்குமதியானபோது மேலே பொறித்திருந்த நிறுவனப் பெயரால் 'ஹொச்சிகிஸு'. விரும்பியதை எடுத்துச் சாப்பிடும் விருந்துக்கு 'பைகிங்கு'. 1958இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் அந்த வடஐரோப்பிய முறையைத் தொடங்கியபோது 'வைகிங்ஸ்' என்ற படம் ஓடிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். இவற்றைப் பிழை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. இவை ஜப்பானியச் சொற்கள்; ஜப்பானில் ஜப்பானியருக்குச் சரியாகவே விளங்குகின்றன.

இவற்றுள் 'ஷிருபா', அதாவது 'சில்வர்', என்ற சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1973 செப்டம்பர் 15, முதியோரைப் போற்றும் நாள். ஜப்பான் தேசிய ரயில்வே டோக்கியோவின் சூவோ தடத்து ரயில்களில் முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் தனி இருக்கை ஒதுக்கியது. வேறுபடுத்திக் காட்ட வேறு நிறத் துணி வேண்டும். ஷின்கான்சென் அதிவேக ரயிலின் இருக்கைகளுக்கான வெள்ளி நிறத் துணி கையில் இருந்தது. அதைப் போர்த்தி 'சில்வர் சீட்' என்றார்கள். நரைமுடியின் நிறமும் அதுவே ஆனதால் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு முதியோருக்கு வேலை தேடித் தரும் மையம் 'சில்வர்' மையமானது; முதியோர் தொடர்பான எல்லாவற்றுக்கும் 'சில்வர்' முன்னொட்டானது. ஆங்கிலத்தில் இல்லாத பொருளை மிச்சத் துணி ஒன்று ஜப்பானிய மொழிக்குத் தந்தது.

சொந்தச் சொல் இருக்கும்போது கடன்சொல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு உணவுக்கடை விடை சொல்லும். கிண்ணத்தில் சோறு வந்தால் 'கோஹான்'. மேலைநாட்டு உணவோடு தட்டில் வந்தால் 'ரைஸு'. அரிசி ஒன்றே, உண்ணும் முறை வேறு. கடன் என்பதற்குச் சொந்தச் சொல் 'ஷக்கின்'. அதில் வட்டிக்காரனின் நிழல் விழும். வீடு வாங்க வங்கியில் எடுத்தால் 'ரோன்'. சொந்தச் சொற்களில் படிந்த வெட்கமும் வலியும் வந்த சொல்லில் இல்லை. கழிப்பிடத்துக்குத் 'தொய்ரே' பரவியதும் இதனால்தான். இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 1990களில் பொருளாதாரம் சரிந்தபோது ஆட்குறைப்பைக் கம்பெனிகள் 'ரிஸுதொரா' என்றன. மறுசீரமைப்பு என்ற ஆங்கிலச் சொல்லின் வெட்டு அது. வேலை பறித்ததை மென்மையாக்க வந்த சொல், சில ஆண்டுகளில் வேலை பறிபோன குடும்பத்தின் கண்ணீரையும் சுமக்கத் தொடங்கியது. மக்கள் அதன் உண்மைப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கடன்சொல் எளியவருக்குக் கைகொடுத்த இடங்களையும் சொல்ல வேண்டும். மிஷிமா யுகியோ 1960இல் எழுதிய 'விருந்துக்குப் பின்' நாவல் தன் வாழ்வை அம்பலமாக்கியது என்று முன்னாள் வெளியுறவு அமைச்சர் அரிதா ஹாச்சிரோ வழக்குத் தொடர்ந்தார். 1964 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்தரங்கத்தை ஓர் உரிமையாக ஏற்று 8 லட்சம் யென் வழங்கத் தீர்ப்பளித்தது. 'புரைபஷீ' என்ற சொல் அந்த வழக்கோடு நாடெங்கும் பரவியது. 1989இல் ஃபுகுவோகாவில் பெண் ஊழியர் ஒருவர் பணியிடப் பாலியல் சீண்டலுக்கு எதிராக வழக்கிட்டார்; 1992இல் வென்றார். 'செகுஷுவரு ஹராசுமென்தோ' 1989இன் புதுச்சொல் பரிசைப் பெற்று, 'செகுஹாரா' என நான்கு மாத்திரையாகச் சுருங்கியது. அதுவரை ஆண்கள் குறும்பு என்று தள்ளியதற்கு ஒரு குற்றப்பெயர் கிடைத்தது. மேலதிகாரியின் கொடுமைக்குப் 'பவாஹாரா' அதே வார்ப்பில் வந்தது. அதைத் தடுக்கும் சட்டம் 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'ஹாரா' என்ற அந்த ஒட்டு தொழிலாளர் கையில் ஒரு கருவி. இதை யாரும் மேலிருந்து தரவில்லை.

இப்போது சுவருக்கு வருவோம். நாட்டில் முதியோர் பெருகப் பெருக மருத்துவமும் பராமரிப்பும் பெரிதாயின. அந்தத் துறைகளே ஆங்கிலத்தில் மூழ்கின. முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்வது 'டே சர்வீஸ்', நோயாளியின் ஒப்புதல் 'இன்ஃபார்ம்ட் கன்சென்ட்', தடையற்ற வழி 'பேரியர் ஃப்ரீ'. பயன்பெற வேண்டியவர் எண்பது வயது மூதாட்டி. படிவத்தில் இருப்பதோ அவர் பள்ளியில் கேட்டிராத சொற்கள். சுகாதார அமைச்சராக இருந்த காலத்திலேயே இதைக் கண்டித்த கொய்சுமி ஜுன்இச்சிரோ பிரதமரானபின், 2002இல் தேசிய மொழி ஆய்வு நிறுவனத்தில் கடன்சொல் குழு அமைந்தது. 2006 வரை நான்கு தவணைகளில் 176 சொற்களுக்கு மாற்றுகளை அது முன்வைத்தது. கட்டாயம் இல்லை, விளங்காத இடத்தில் இப்படிச் சொல்லலாம் என்ற பரிந்துரை மட்டும். சில பிடித்தன, பல பிடிக்கவில்லை. மீஜி அறிஞர்களைப் போல முந்திக்கொண்டு சொல் தராமல், சொல் பரவிய பிறகு துரத்திப் போனதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பாடம் கற்கவில்லை என்பதை 2020 காட்டியது. கொரோனா பரவிய மார்ச் மாதத்தில் நிபுணர் குழுவும் டோக்கியோ ஆளுநர் கொய்கே யுரிகோவும் 'கிளஸ்டர்', 'ஓவர்ஷூட்', 'லாக்டவுன்' என்று அடுக்கினார்கள். இதை ஏன் ஜப்பானியத்தில் சொல்லக் கூடாது என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கோனோ தாரோ பொதுவெளியில் கேட்டார். அமெரிக்காவில் படித்து ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் அவர். கூட்டுத்தொற்று, தொற்று வெடிப்பு, நகர முடக்கம் என்று பொருள் தரும் சீனவழிச் சொற்கள் தயாராகவே இருந்தன. 'ஓவர்ஷூட்' ஆங்கிலத் தொற்றியலில் கூட அந்தப் பொருளில் வழங்குவதில்லை. உயிர் போகும் நேரத்தில், மிகவும் பயப்பட வேண்டிய முதியோருக்கே விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா? அதே நேரத்தில் மூடிய இடம், நெருங்கிய கூட்டம், நெருக்கமான பேச்சு மூன்றையும் தவிர்க்கச் சொல்லி, மூன்று நெருக்கம் என்று பொருள்படும் 'சான்மித்சு' என்ற சொல்லும் வந்தது. குழந்தைகள் கூடச் சொன்னார்கள். அந்த ஆண்டின் புதுச்சொல் பெரும்பரிசும் அதற்குத்தான். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் நிஷி அமானே பயன்படுத்திய திறமை செத்துவிடவில்லை. பயன்படுத்த மனம்தான் வேண்டும்.

இத்தனை ஆங்கிலச் சொல் தெரிந்தும் ஆங்கிலம் பேச ஜப்பானியர் திணறுவது ஏன் என்று கேட்பதுண்டு. கத்தகானா ஒலி பழகிய நாவுக்கு மூல ஒலி எட்டுவது கடினம் என்பது ஒரு காரணம். பொருள் வேறுபாடு இன்னொன்று. கடன்சொல் ஆங்கிலத்துக்கு ஏணி என்ற வாதத்தில் வலுவில்லை. ஆனால் போன கடன் வட்டியோடு திரும்பியும் இருக்கிறது. அனிமேஷனை வெட்டிய 'அனிமே', காஸ்ட்யூம் ப்ளேயை வெட்டிய 'கொஸுபுரே', ஆர்க்கெஸ்ட்ராவின் பாதியைச் சேர்த்த 'கராவோகே' மூன்றும் இன்று ஆங்கில அகராதிகளில் உள்ளன.

கடைசியாக ஒன்று. 1995 கோபே நிலநடுக்கத்தில் ஜப்பானியம் அரைகுறையாகத் தெரிந்த வெளிநாட்டவர் பலர் எச்சரிக்கைகளும் அறிவிப்புகளும் விளங்காமல் தவித்தார்கள். அதன்பின் ஹிரோசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேரிடர்க் காலத்துக்கென 'எளிய ஜப்பானியம்' என்ற எழுத்துமுறையை வகுத்தார்கள். இன்று பல நகராட்சிகள் அதைப் பின்பற்றுகின்றன. குறுகிய வாக்கியம், எளிய சொல் என்று அடுக்கும் அந்த விதிகளில், கத்தகானாக் கடன்சொல்லை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதும் ஒன்று. மின்சாரம், தண்ணீர், எரிவாயுவைச் சேர்த்துச் சொல்லும் 'லைஃப்லைன்' போன்ற சொற்கள் ஆங்கிலம் அறிந்த வெளிநாட்டவருக்கும் விளங்கவில்லை. அரசு அலுவலகம் எழுதும் கடன்சொல் முதியோருக்கும் உதவவில்லை, அயலவருக்கும் உதவவில்லை என்றால் அதை எழுதுவதற்கு நியாயம் இல்லை. தெருவில் பிறக்கும் சொற்களை யாரும் தடுக்க வேண்டாம். மக்களிடம் கட்டணமும் வரியும் வாங்குபவர்கள் மக்களுக்கு விளங்கும் சொல்லில் பேச வேண்டும். நகோயாவில் வழக்கிட்ட முதியவர் நீதிமன்றத்தில் தோற்றார். அவர் கேட்டது நியாயம்.